ஒன்பதாம் கேள்வி

மூன்று மணிக்குக் கூட்டம் என்று கடிதம் போட்டு, மூன்றேகால் ஆகி, மூன்றரையும் ஆகிவிட்டது. வெளி உறுப்பினர் இந்துராணி அம்மா வந்தபாடில்லை. வடைதான் வந்திருந்தது. அந்த வடையைப் பார்க்கப் பார்க்க உலகம்மாளுக்கு வயிற்றைப் புரட்டியது. வடை என்ன பாவம் செய்தது, முப்பத்துமூன்று வருஷமாக இந்தப் பல்கலைக்கழகத்துக் கேன்டீன் உளுந்த வடையைத்தான் தின்கிறாள், ஒருநாளும் இப்படிக் குமட்டியதில்லை. இன்றைக்கு என்னவோ, எண்ணெய் இறங்கி ஊறிப்போன தாளும், அதில் நகைக்கடை விளம்பரத்துப் பெண்ணின் கழுத்து வரைக்கும் நனைந்து கிடப்பதும், ஏசிக் குளிரில் சட்னி ஆடைகட்டி நிற்பதும், எல்லாம் சேர்ந்து தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டது. எதிரே குழுத் தலைவர் கிருபாவதி மேடம், பொருளாதாரத் துறைப் பேராசிரியர், இரண்டாவது வடையைப் பிட்டுச் சட்னியில் ஒத்தி வாயில் போட்டுக்கொண்டு, விரலையும் நக்கிக்கொண்டு, மழை வரும்போல இருக்கே, மாடியில மிளகாய் காயப்போட்டிருக்கேன் என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் சட்டத்துறை உதவிப் பேராசிரியர் மகிழ்ச்செல்வன். முப்பத்தைந்து வயசு, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதனால் தலைவர் எது சொன்னாலும் போனிலிருந்து தலையைத் தூக்கி ஒரு சிரிப்பு, மறுபடி போன். மூன்றாவது ஆள் உலகம்மாள். பதிவாளர் அலுவலகத்துக் கண்காணிப்பாளர், ஆசிரியரல்லாத பணியாளர்களுக்குப் பிரதிநிதி, குழுவின் குறிப்பை எழுதுகிறவளும் அவளே. உள்ளகப் புகார்க் குழு என்று பலகையில் போட்டிருந்தாலும் எல்லோர் வாயிலும் விசாகா கமிட்டிதான். இந்த விசாகா கமிட்டி வடை தின்று, வாய் கழுவி, இன்றைக்கு முடிக்கவேண்டிய சோலி ஒன்றே ஒன்று. வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பிரம்மசக்தி என்கிற தாவரவியல் ஆராய்ச்சி மாணவி, தன்னுடைய வழிகாட்டிப் பேராசிரியர் தாணுமூர்த்தி தன்னை, உலர்த்திய செடிகளை வைத்திருக்கிற ஹெர்பேரியம் அறையில் வைத்து என்ன செய்தார் என்று எழுதிக் கொடுத்த இரண்டு பக்கப் புகாரை என்ன செய்வது என்பது. என்ன செய்வது என்பதும் காலையிலேயே டைப் அடித்தாகிவிட்டது. அடித்தவளும் உலகம்மாள்தான்.

காலையில் டைப் அடித்தது மட்டுமா, கையெழுத்தும் போட்டாகிவிட்டது. உள்ளே வந்து, பையை வைத்து, ஃபைலைப் பிரித்து, வருகைத் தாளை எடுத்து, நாலு பேருக்கான இடத்தில் முதல் ஆளாகத் தன் பேருக்கு நேரே உ. உலகம்மாள் என்று போட்டுவிட்டுத்தான் மற்றவர்களிடம் நீட்டினாள். கை தானாகப் போட்டது. இந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே அவள்தான், அதுதான் கொடுமை. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் எந்தக் கூட்டமென்றாலும் முடிந்த கையோடு உறுப்பினர்கள் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள். தீர்மானத்தை டைப் அடித்துக் கையெழுத்துக்காக ஒவ்வொரு வீடாக நாயாய் அலையவேண்டியிருக்கும். அப்போது உலகம்மாள் ஒரு வழி செய்தாள். மேலே குழுவின் பேரும் தேதியும் மட்டும் போட்ட ஒரு தாள், டீ குடிக்கும்போதே கையெழுத்தை வாங்கிவிடுவது, பிறகு தீர்மானத்தை ஆற அமர டைப் அடித்து, அந்தத் தாளை அதற்குப் பின்னால் கடைசிப் பக்கமாக வைத்துத் தைத்துவிடுவது. அப்போதிருந்த பதிவாளர் அசந்துபோனார். உலகம்மா இருந்தா ஃபைல் தூங்காது என்று பத்துப் பேர் முன்னால் சொன்னார். அதைக் கேட்டு ஒருவாரம் தலைகால் புரியாமல் திரிந்ததும் உண்மை. இப்போது பார், அந்தக் கடைசிப் பக்கம் ஃபைலுக்குள் கிடக்கிறது, மூன்று கையெழுத்து விழுந்தாயிற்று, நாலாவது காரில் வந்துகொண்டிருக்கிறது. இனி யாரும் சரி என்று சொல்ல வேண்டியதே இல்லை. இல்லை என்று சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், 'ஏகமனதாக' என்பது தானாக நடந்துவிடும். எத்தனை குழு, எத்தனை ஏகமனது. சம்பளக் குழு, நூலகக் குழு, மைதானத்துக்கு மண் அடிக்கிற குழு. மண் அடிக்கிறதுக்கும் இதுக்கும் ஒரே தாள். த்தூ, என்ன புத்தி இது, என்ன சாமர்த்தியம்.

மகிழ்ச்செல்வன் எழுதிக் கொடுத்த வாசகம்தான். படித்தவன் எழுத்து, குறை சொல்ல முடியாது. கதவு பூட்டப்படாத நிலையில் புகார்தாரர் ஏன் அறையைவிட்டு வெளியேறவில்லை என்ற ஒன்பதாம் கேள்விக்கு அவர் பதில் கூறவில்லை, எனவே நிகழ்வின் தன்மை ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படவில்லை. பிறகு கீழே, புகார்தாரரின் மன அமைதி கருதி அவருக்கு வேறு வழிகாட்டியை ஒதுக்கலாம். பேராசிரியர் வருங்காலத்தில் கவனமாக நடந்துகொள்ளுமாறு வாய்மொழியாக அறிவுறுத்தப்படலாம். இவ்வாறாகப் பிரச்சினை சுமுகமாக முடித்துவைக்கப்படுகிறது. சுமுகமாக! அந்தச் சொல்லை அடிக்கும்போது விரல் ஒரு நொடி கூசியது. மலைமலையாக ஏறி அந்தப் பிள்ளை மூன்று வருஷமாகப் பறித்து, அழுத்தி, உலர்த்தி, அட்டையில் ஒட்டிவைத்த செடிகள் எல்லாம் தாணுமூர்த்தியின் பீரோவில் இருக்கின்றன. வேறு வழிகாட்டி என்றால் வேறு தலைப்பு, வேறு தலைப்பு என்றால் முதலிலிருந்து. அந்த ஆளுக்கோ ஜூன் மாதத்தில் துறைத் தலைவர் நாற்காலி காத்துக்கொண்டிருக்கிறது. நேற்றுக்கூடப் படிக்கட்டில் எதிரே வந்தார். நெற்றியில் பளிச்சென்று திருநீறு. உலகம்மா, நல்லாருக்கீங்களா, பேரன் நடக்கிறானா என்று கேட்டார். நடக்கிறான் சார் என்று இவளும் பல்லைக் காட்டினாள். காட்டிய பல்லை வீட்டுக்குப் போய் இரண்டு தடவை தேய்த்தாள். ஒரு விசாரணையில் இருக்கிற ஆள், குறிப்பு எழுதுகிற பெண்ணிடம் பேரனைப் பற்றிக் கேட்கிறான் என்றால் அவனுக்கு எவ்வளவு தைரியம், அதைவிட, அவள் பதில் சொல்லுவாள் என்று அவனுக்கு எவ்வளவு நிச்சயம்.

ஒன்பதாம் கேள்வி. சுற்றிச்சுற்றி அங்கேதான் வந்து இடிக்கிறது. ஏழு வாரத்துக்கு முன்னால் இதே அறை, இதே மேசை. அந்தப் பிள்ளையை மேசையின் கடைசியில், உலகம்மாளுக்கு ஒட்டினாற்போலப் போட்ட நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பதினாலு கேள்விகள், மகிழ்ச்செல்வன் தயாரித்தது, கிருபாவதி மேடம் ஒவ்வொன்றாக வாசித்தார். ஏன் தனியாகப் போனீர்கள். என்ன உடை அணிந்திருந்தீர்கள். ஏற்கெனவே அவர் உங்கள் தோளில் தட்டிப் பாராட்டியதுண்டா, அப்போது ஆட்சேபித்தீர்களா. கேள்வியா அது, கொசுவலைக்குள் கையை விட்டு அளைகிற மாதிரி. எட்டு வரைக்கும் பிள்ளை பதில் சொன்னாள். குரல் இறங்கிக்கொண்டே போனாலும் சொன்னாள். ஒன்பது வந்தது. கதவு பூட்டியிருந்ததா? இல்லை என்று தலையாட்டினாள். பின்னே பூட்டாத கதவைத் திறந்துகொண்டு ஏன் வெளியே வரவில்லை? அவள் முன்னால் இருந்த தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உதடு அசைவதுபோல் இருந்தது, சத்தம் வரவில்லை. பத்து எண்ணுகிற நேரம் இருக்குமா? இருந்தால் அதிகம். கிருபாவதி மேடம், சரி, அடுத்து என்றார். அடுத்து என்று தலைவர் சொல்லிவிட்டால் எழுதுகிறவளின் பேனா அடுத்த எண்ணுக்குப் போய்விடவேண்டும், இந்த ஆபீஸில் அதுதான் முறை. அதற்குப் பிறகு முந்தின கேள்விக்கு யார் என்ன சொன்னாலும் அது பேச்சுக் கணக்கு, குறிப்புக் கணக்கு இல்லை. உலகம்மாளே எத்தனை ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள், 'அடுத்து'க்கு அப்புறம் காதை மூடிக்கிடணும், இல்லாட்டி ஒரு கூட்டமும் முடியாது என்று. அன்றைக்கும் பேனா '9. பதில் கூறவில்லை' என்று எழுதிவிட்டுப் பத்துக்குப் போயாயிற்று. கிருபாவதி மேடம் ஏசியைக் குறைக்கச் சொல்லி மகிழ்ச்செல்வனிடம் திரும்ப, அவர் ரிமோட்டைத் தேட, அந்த இடைவெளியில்தான் பிள்ளை வாயைத் திறந்தாள். மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கதவுல ஒரு சேரை முட்டுக்குடுத்துப் போட்டு அதுல உக்காந்துக்கிட்டாரு மேடம். அவரத் தள்ளாமக் கதவு திறக்காது. தள்ளப் போனப்பத்தான் பிடிச்சாரு." ஒரு கை தூரத்தில் இருந்த உலகம்மாளுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. பத்தின் சுழியை இரண்டு தடவை போட்டாள். அவ்வளவுதான் அவள் செய்தது. ரிமோட் கிடைத்தது, பத்தாம் கேள்வி வாசிக்கப்பட்டது.

மறந்துபோனேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றால் அதுவும் முடியவில்லை. சாம்பார் தாளிக்கும்போது அந்த நாற்காலி வந்து கதவோரம் நிற்கிறது. ஹெர்பேரியத்து நாற்காலியை அவள் பார்த்திருக்கிறாள், சொத்துப் பட்டியல் சரிபார்க்கப் போனபோது, இரும்பு நாற்காலி, பச்சைப் பெயின்ட், நம்பர் போட்டது. கதவு உள்பக்கமாகத் திறக்கிற கதவு. சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள் பிள்ளை. பொய் சொல்லுகிறவளுக்கு இந்த நாற்காலி தோன்றாது. பூட்டினான், தாழ்போட்டான் என்று சினிமாவில் வருகிற மாதிரித்தான் தோன்றும். இதெல்லாம் தெரிந்தும் ஏழு வாரம். கேட்டால் ஆயிரம் சமாதானம் இருக்கிறது கைவசம். தலைவர் பதிவு செய்யச் சொல்லவில்லை. கேட்டவள் நான் ஒருத்திதான், ஒருத்தி கேட்டது சாட்சியாகுமா? ஓய்வு பெற எட்டு மாசம்தான் இருக்கிறது, இந்த நேரத்தில் பதிவாளரைப் பகைத்துக்கொண்டு ஒரு குற்றக் குறிப்பாணை வாங்கினால் ஓய்வூதியம் அப்படியே நிற்கும். மகளும் பேரனும் வீட்டோடு வந்து இருக்கிறார்கள். நியாயம்தானே? எல்லாம் நியாயம்தான். நியாயத்தை எல்லாம் அடுக்கி முடித்துப் பார்த்தால் மேலே அந்த நாற்காலி உட்கார்ந்திருக்கிறது. சீ. அவளுக்குத் தெரியாததா இது? இருபத்தாறு வயதில் டைப்பிஸ்டாக வந்து சேர்ந்த புதிதில், அப்போதைய கண்காணிப்பாளர் ஒருத்தர், பேர் எதற்கு, செத்துப்போனார், பிழை பார்க்கிறேன் என்று நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். புகையிலை மணக்கிற மூச்சு பிடரியில் விழும். கை மேசையின் இரண்டு பக்கமும் ஊன்றியிருக்கும், நடுவில் இவள். யாரிடம் சொல்ல, என்னவென்று சொல்ல, தொட்டாரா என்றால் தொட்டதில்லை. ஒருநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து மேசையையும் நாற்காலியையும் இழுத்துச் சுவரோரமாகத் திருப்பிப் போட்டுவிட்டாள். முதுகு சுவரில் ஒட்டுகிற மாதிரி. அந்த ஆள் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். கெட்டிக்காரி உலகம்மா என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டது முப்பது வருஷம். மகளுக்குக்கூடப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள், சத்தம் போடாம எப்படித் தப்பிக்கணும்னு பாத்துக்கோ என்று. அவள் மேசையை நகர்த்தின காலி இடத்தில் அடுத்த மாசமே புதிதாக வந்த ஒரு பெண்ணுக்கு மேசை போட்டார்கள். ஒல்லியாக, ரெட்டைச் சடை போட்டுக்கொண்டு வரும். ஒரு வருஷத்தில் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. ஏன் போனாள் என்று அன்றைக்கு ஒருத்தரும் கேட்கவில்லை. உலகம்மாளும் கேட்கவில்லை, கேட்காமலே தெரிந்ததால்தானே கேட்கவில்லை.

அதோடு விட்டதா? ஏழு வருஷத்துக்கு முன்னால் இன்னொன்று. முதுகலைப் பெண், ஞானசுந்தரி, நூலகத்துக்குப் பின்னால் சீனியர் பையன் ஒருத்தன். அம்மாவை வரச்சொல்லியிருந்தார்கள். பருத்தி மில்லில் வேலை பார்க்கிற அம்மா, லீவு போட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அப்போதும் குழு, அப்போதும் டீ. உள்ளே பேசி முடிக்கிற வரைக்கும் அந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை உலகம்மாளுக்கு. எவ்வளவு இதமாகப் பேசினாள்! நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போகவேண்டிய பிள்ளை, பேப்பர்ல அது இதுன்னு வந்தா யாருக்கு நஷ்டம், வேற காலேஜ்ல சேத்து விட்டுருங்க, காதும் காதும் வெச்சாப்புல முடிச்சிருவோம் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அந்த அம்மா அழுதுகொண்டே, நீங்க ஒருத்தராவது மனுசியா பேசினீங்களே தாயி என்று கும்பிட்டாள். மாற்றுச் சான்றிதழையும் உலகம்மாள்தான் எழுதினாள். நடத்தை என்ற இடத்தில் நன்று என்று அழகான கையெழுத்தில் போட்டாள். யார் நடத்தைக்கு யார் மார்க் போடுவது? அந்தப் பையன் இங்கேயே படித்து முடித்துப் பட்டமளிப்பு விழாவில் அங்கி மாட்டிக்கொண்டு போட்டோ எடுத்தான். அந்த அம்மா கும்பிட்ட கைதான் இப்போது உலகம்மாளின் குரல்வளையைப் பிடிக்கிறது. திட்டியிருந்தால்கூடச் செரித்திருக்கும்.

வண்டி வந்திருச்சான்னு பாருங்களேன் உலகம்மா என்று கிருபாவதி மேடம் சொன்னதும், அப்பாடா என்று எழுந்து வெளியே வந்தாள். குளிரிலிருந்து வராந்தாப் புழுக்கத்துக்கு வந்தது முகத்தில் வெந்நீர் ஊற்றினது மாதிரி இருந்தது. பெஞ்சில் பிரம்மசக்தி. மடியில் ஒரு கறுப்புப் பை, கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல், அதற்குள் குழு தபாலில் அனுப்பிய குறிப்பின் நகல். ஓரம் எல்லாம் நைந்து போயிருக்கிறது, எத்தனை தடவை எடுத்து வாசித்தாளோ. உலகம்மாளைக் கண்டதும் சட்டென்று எழுந்து நின்றாள். பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்கிற பிள்ளை. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததை இன்னும் செய்கிறாள். புகாரையும் அப்படித்தான் எழுதியிருந்தாள், அனுப்புநர், பெறுநர், பொருள், மதிப்பிற்குரிய அம்மா என்று லீவு லெட்டர் மாதிரி ஒழுங்காக. அந்தத் தாளில்தான் உலகம்மாள் 'பெறப்பட்டது' முத்திரையைக் குத்தினாள், மை சரியாகப் பிள்ளை எழுதின கடைசி வரியின் மேலேயே விழுந்தது. இங்கே இருக்கிறவர்களுக்காக எழுந்து நிற்காதேம்மா, உட்கார் என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டாள். சாப்பிட்டேன் மேடம் என்றாள் பிள்ளை. பொய். உதடு வறண்டு வெள்ளையாக இருந்தது. கீழே கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. திரும்பி உள்ளே வந்தாள்.

இந்துராணி அம்மா ஊரில் பெரிய வீட்டுக்காரி, நாலைந்து சங்கங்களுக்குத் தலைவி, துணைவேந்தர் வீட்டு அம்மாவுக்குச் சிநேகிதி. மல்லிகைப்பூ வாசமும் செண்ட் வாசமுமாக வந்தவர், உட்காருவதற்கு முன்னாலேயே எங்க போடணும் என்று கேட்டுப் பேனாவை எடுத்தார். வருகைத் தாளில் நாலாவது கையெழுத்து விழுந்தது. டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, பாவம், ரெண்டு பக்கமும் பாதிப்பு இல்லாம முடிச்சிட்டீங்களாமே, அதுவே பெரிய விஷயம் என்றார். முடிச்சிட்டீங்களாமே! படித்துக்கூடப் பார்க்கவில்லை. கிருபாவதி மேடம் கையைத் துடைத்துக்கொண்டு அறிக்கையின் கடைசிப் பத்தியை மட்டும் வாசித்தார். சுமுகமாக என்ற சொல் அவர் வாயிலிருந்து உளுந்து வாடையோடு வந்தது. அவ்வளவுதானே, வேற ஏதும் இருக்கா என்று சம்பிரதாயத்துக்குச் சுற்றிப் பார்த்தார். மகிழ்ச்செல்வன் சிரித்தார். அடுத்த நொடி ஃபைல் மூடப்படும். உலகம்மாளுக்குத் தொண்டைவரை ஏறி வந்த குமட்டல் அங்கேயே நின்றது. இப்போது இதை முழுங்கினால் இனி சாகிறவரைக்கும் முழுங்கிக்கொண்டே இருக்கவேண்டியதுதான் என்று பட்டது. வாயிலிருந்து வந்தது தன் குரல்தானா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"ஒம்பதாவது கேள்விக்கு அந்தப் பிள்ள பதில் சொல்லிச்சு மேடம்."

கிருபாவதி மேடம் புரியாதவர்போல் ஃபைலைப் புரட்டினார். குறிப்பில் அப்படி ஒன்றும் இல்லையே என்றார். நான் எழுதவில்லை என்றாள் உலகம்மாள். ஏன் எழுதவில்லை? நீங்க அடுத்துன்னு சொல்லிட்டீங்க, அதுக்கப்புறம்தான் சொல்லிச்சு, ஏசிக்கு ரிமோட் தேடிக்கிட்டிருந்தீங்க. பிறகு அந்த மூன்று வாக்கியத்தையும் பிள்ளை சொன்ன மாதிரியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். சேர் என்று அவள் சொன்னதும் இந்துராணி அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தார். யாருமே சொல்லாமல் எல்லோரும் ஒருதடவை கதவைப் பார்த்தார்கள். மகிழ்ச்செல்வன்தான் முதலில் தேறினார். ஒப்புக்கொள்ளப்பட்ட குறிப்பை இந்தக் கட்டத்தில் திருத்துவதற்கு விதியில் இடமில்லையே மேடம் என்று மேசையைப் பார்த்துச் சொன்னார். கிருபாவதி மேடத்தின் முகம் மாறிவிட்டது. இவ்வளவு நாள் உலகம்மா, உலகம்மா என்று வெல்லமாகப் பேசின வாய்.

"அப்ப தப்பு உங்களுதுதான? ஏழு வாரமா ஒரு சாட்சியத்த மறைச்சிருக்கீங்க. நடவடிக்கை வந்தா உங்க மேலதான் வரும். எட்டு மாசம் இருக்கு உங்களுக்கு, யோசிச்சுப் பேசுங்க."

"என் தப்புதான் மேடம். அதையும் சேத்தே எழுதிக்கிடுதேன்."

எழுதுவதற்கு அந்த அறையில் வேறு ஆளும் கிடையாது. ஃபைலைத் தன் பக்கம் இழுத்தாள். யாரும் தடுக்கவில்லை, முப்பத்துமூன்று வருஷமாக ஃபைல் அவளிடம் போவதைப் பார்த்துப் பழகினவர்கள். வருகைத் தாளில் தன் கையெழுத்துக்குப் பக்கத்தில் 'கூட்டத்துக்கு வந்ததற்கு மட்டும், அறிக்கைக்கு உடன்படவில்லை' என்று எழுதினாள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, ஒன்பதாம் கேள்விக்கான பதில் என்று தலைப்புப் போட்டு, நாற்காலியையும் கதவையும் எழுதி, இதைக் குறிப்பில் சேர்க்காமல் விட்டது என் பிழை என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டாள். எழுத்து கோணிக்கொண்டு போனது, நன்று என்று எழுதின கை மாதிரியே இல்லை. இந்தத் தாளை அவர்கள் என்ன செய்வார்கள் என்பது அவளுக்குத் தெரியும், கிழித்தாலும் கிழிப்பார்கள். அதனால் போனை எடுத்து அங்கேயே இரண்டையும் படம் பிடித்துக்கொண்டாள். இந்துராணி அம்மா, நான் இன்னொரு நாள் வரட்டுமா என்று பைக்குள் கையை விட்டுச் சாவியைத் தேடினார். உலகம்மாள், இதைப் புகார்தாரர் வந்து உறுதிப்படுத்தவேண்டும், கூப்பிடலாமா மேடம் என்று ஆபீஸ் குரலில் கேட்டாள். கிருபாவதி மேடம் பதில் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இந்த ஆபீஸில் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று உலகம்மாளுக்குத் தெரியாதா என்ன? எழுந்து போனாள்.

பிரம்மசக்தி மறுபடியும் எழுந்து நின்றாள். உலகம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டே, ஒன்பதாவது கேள்விக்கு நீ சொன்ன பதிலைக் குறிப்பில் சேர்க்காமல் விட்டுவிட்டேன், இப்போது எழுதிவிட்டேன், உள்ளே வந்து நீயும் ஒருதரம் சொல்லவேண்டும் என்று சொன்னாள். சொல்லிவிட்டு, பிள்ளை முகத்தில் ஒரு வெளிச்சம் வரும் என்று எதிர்பார்த்தாள், அதையும் ஒளிப்பானேன், எதிர்பார்க்கத்தான் செய்தாள். வரவில்லை. பிள்ளை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபைலிலிருந்து அந்த நகலை வெளியே உருவினாள்.

"நான் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா மேடம்? அன்னைக்கே?"

உலகம்மாள் தலையசைத்தாள்.

"எனக்கு அன்னைக்கு வாயே தெறக்கலபோலன்னு நெனச்சிட்டேன். மனசுக்குள்ளதான் சொல்லியிருக்கோம், சத்தம் வெளிய வரலபோலன்னு. இதுலயும் அப்படித்தான போட்டிருக்கு, பதில் கூறவில்லைன்னு. ஏழு வாரமா நான் என்னையத்தான் ஏசிக்கிட்டிருக்கேன், கேக்குறப்பச் சொல்லாம விட்டுட்டியே மூதின்னு."

உள்ளே கிருபாவதி மேடம் யாருக்கோ போன் போடுகிற சத்தம் கேட்டது.

"வந்துச்சும்மா," என்றாள் உலகம்மாள். "சத்தம் வந்துச்சு. எனக்கு நல்லாவே கேட்டுச்சு."